கரட்டு நிலத்தில் கேம்பர் வேனுக்கு மின் இணைப்பு: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

கேம்பர் வேனில் வந்து ஓரிரு இரவுகள் தங்கிப் போக விரும்புபவர்களுக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒகேனக்கல்லுக்குப் போகும் பென்னாகரம் சாலையிலும், கிருஷ்ணகிரி அணையைச் சுற்றியும், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து மலைச் சாலைகளிலும், 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகிய மாந்தோப்புகளிலும், வண்டியை நிறுத்திக்கொள்ள இடம் தரும் தோப்புக்காரர்களும் சிறு விடுதிக்காரர்களும் கிடைக்கிறார்கள். எளிதில் கிடைக்காதது, வண்டிக்கென்றே முறையாக அமைத்த மின் இணைப்புக் கம்பம். பெரும்பாலும் உங்களுக்குக் காட்டப்படுவது விடுதிச் சுவரில் இருக்கும் ஒரு பவர் பிளக் அல்லது தோப்பு வீட்டுத் திண்ணையில் தொங்கும் ஒரு சுவிட்ச் போர்டு. சில இடங்களில் மோட்டார் கொட்டாயைக் கைகாட்டுவார்கள்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து இணைப்பு முறையைக் கற்றுக்கொண்டவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க முகாம்களில் சொல்லப்படும் 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் இயங்குவது. அதன் மொத்தத் திறன் 3,600 வாட். 50 ஆம்பியர் இணைப்பில் 120 வோல்ட் கொண்ட இரண்டு லைன்கள் வருவதால் அது 12,000 வாட் வரை தரும். நம் ஊரில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நாம் 15 ஆம்ப் பிளக் என்று பழக்கத்தில் சொல்லும் 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றே 3,680 வாட் தரக்கூடியது என்பதால், அமெரிக்கக்காரரின் 30 ஆம்பியர் கம்பம் தரும் அளவு நம் சுவரிலேயே இருக்கிறது. அந்த நாட்டு அடாப்டர்களையும், திடீரென ஏறும் வோல்ட்டைத் தடுக்கும் சர்ஜ் பெட்டிகளையும் வரவழைத்து இங்கே மாட்டுவதில் பயனில்லை, அபாயம்தான் உண்டு. நமக்கு நெருக்கமானது ஐரோப்பிய முறை: 230 வோல்ட், மூன்று முள் கொண்ட நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக், 16 ஆம்பியர். இந்தப் பிளக் நம் மின்பொருள் கடைகளிலும் கிடைக்கிறது.

இந்த மண்ணில் எர்த் ஏன் தனிக் கவலை

இரு மாவட்டங்களும் பாறை நிலம். கிரானைட் குவாரிகளுக்குப் பேர் போன கிருஷ்ணகிரியில் பல இடங்களில் இரண்டடி தோண்டினால் கடப்பாரை பாறையில் மோதும். மண் ஆழமும் ஈரமும் உள்ள காவிரி டெல்டாவில் ஒரு எர்த் குழி, அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் குழி, எளிதாக வேலை செய்யும். கரட்டு நிலத்தில் கோடைக் காலத்தில் அதே குழி பெயருக்குத்தான் எர்த். 2.5 மீட்டர் நீளக் குழாயைக் கரியும் உப்பும் போட்டுப் புதைத்து, அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வைப்பதே முறை. ஆனால் பாறை தடுத்ததால் குழாயை அறுத்துக் குட்டையாக்கிப் புதைத்த குழிகளும், புதைத்த நாளிலிருந்து ஒரு குடம் தண்ணீர்கூடப் பார்க்காத குழிகளும் உண்டு.

வீட்டுக்குள் இருப்பவரைவிட வேனில் இருப்பவருக்கு இது ஏன் பெரிய விஷயம் என்பதைப் புரிந்துகொண்டால் மற்றப் படிகள் அனைத்தும் தானாகவே பொருள்படும். வேனின் உடல் முழுவதும் இரும்பு. அது நிற்பதோ ரப்பர் டயர்களின் மேல். உள்ளே ஒரு ஹீட்டரிலோ வயரிலோ கசிவு ஏற்பட்டு, பேஸ் (மின்சாரம் வரும் ஒயர்) வண்டியின் உடலைத் தொட்டுவிட்டால், அந்த மின்சாரம் மண்ணுக்குள் இறங்க எர்த் வயரைத் தவிர வேறு வழியில்லை. உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்றுகொண்டு கதவின் கைப்பிடியைத் தொடுபவர்தான், வண்டியின் உடலுக்கும் மண்ணுக்கும் இடையில் வழியாகிவிடுகிறார்.

எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே, ட்ரிப் ஆகாதா என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். எர்த் குழியின் தடை 100 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அதன் வழியே ஓடக்கூடியது 2.3 ஆம்பியர் மட்டுமே. சி வகையைச் சேர்ந்த 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் 80 முதல் 160 ஆம்பியர் வரை பாய வேண்டும். 2.3 ஆம்பியரை அது ஒரு சின்ன அயர்ன் பாக்ஸ் ஓடுவதாகவே எடுத்துக்கொண்டு இரவு முழுவதும் சும்மா இருக்கும். வண்டியின் உடலும் இரவு முழுவதும் மின்னேற்றத்தோடு இருக்கும்.

இந்த இடத்தில்தான், கசிவைக் கண்டு லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உயிர் காக்கிறது. பேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பியதும் சமமாக இல்லையென்றால், வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் அது விழுந்துவிடும். அதே 100 ஓம் எர்த்தில் ஓடும் 2.3 ஆம்பியர் இதற்கு வேண்டியதைப்போல் பல மடங்கு. எர்த்தின் தடை சில நூறு ஓம் இருந்தாலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும், ஆனாலும் 200 ஓமுக்குக் கீழே இருந்தால்தான் மண் காயும் காலத்திலும் நம்ப முடியும். ஆகவே இந்தப் பக்கம் வருகிற வேனில் ஏ.சி. இல்லாவிட்டாலும் குற்றமில்லை, ஆர்.சி.சி.பி. இல்லாமல் சுவர் மின்சாரத்தை வாங்கக் கூடாது.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் வண்டியில் இருக்க வேண்டியவை

வண்டியின் வெளிப்புறத்தில், மூடியோடு கூடிய, முள் உள்பக்கம் மறைந்திருக்கும் இன்லெட் (வெளி மின்சாரத்தின் கேபிளைச் செருகும் இடம்) ஒன்று வேண்டும். ஜன்னல் வழியே ஒயரை உள்ளே விட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் முடிக்கும் ஏற்பாடு மழை வரும்வரைதான் நன்றாக இருக்கும். இன்லெட்டிலிருந்து உள்ளே வரும் லைன் முதலில் இரட்டைத் துருவ ஆர்.சி.சி.பி.க்கும், அதன் பின் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கும் போக வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் கொண்ட ஆர்.சி.பி.ஓ. போட்டாலும் சரி. ஒற்றைத் துருவ எம்.சி.பி. போதாது; போகும் இடத்துச் சாக்கெட்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், அது நியூட்ரலை மட்டும் துண்டித்துவிட்டுப் பேஸை உள்ளேயே விட்டுவைக்கும். இன்லெட்டின் எர்த் முனையிலிருந்து வண்டியின் சேசிஸுக்கு (அடிச்சட்டத்துக்கு) தடித்த பச்சை ஒயர் ஒன்று போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பெயின்ட் பூச்சின் மேல் வாஷர் வைத்து இறுக்கினால் அது இணைப்பாகாது; பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு இறுக்க வேண்டும். இந்த வேலைகளை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள், வெளி மின்சாரமும் இன்வெர்ட்டர் மின்சாரமும் ஒரே நேரத்தில் ஒரே லைனில் சேர முடியாதபடி சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இது இல்லாவிட்டால் உங்கள் பேட்டரியின் மின்சாரம் பிளக்கின் முள் வழியே வெளியே வரும்.

கேபிளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணைப்பில் சூடாவதும் கருகுவதும் பெரும்பாலும் இதுதான். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, மூன்று கோர் கொண்ட, 2.5 சதுர மி.மீ. செம்பு ஃப்ளெக்சிபிள் கேபிள், 25 மீட்டர் நீளம் என்பது சரியான தொடக்கம். அதில் 15 ஆம்பியர் ஓடினால் போக வர ஏறக்குறைய 6 வோல்ட் குறையும், அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. அதே நீளத்துக்கு, கடையில் விலை குறைவு என்று வாங்கிய 1 சதுர மி.மீ. ஒயரில் 15 வோல்ட் அளவுக்குக் குறையும். குறைந்த அந்த வோல்ட் முழுவதும் ஒயரின் சூடாக மாறுகிறது. தோப்பில் நிழல் உள்ள இடம் வீட்டிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருந்தால் 4 சதுர மி.மீ. கேபிள் எடுத்துவர வேண்டும். அப்போது 7 முதல் 8 வோல்ட்டோடு இழப்பு நின்றுவிடும். இரண்டு மூன்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களை ஒன்றோடொன்று கோத்து நீளத்தை ஈடுகட்டுவது கூடாது. ஒவ்வொரு மூட்டும் சூடேறும் இடம்.

கேபிளின் வண்டிப் பக்கம் துளை உள்ள கனெக்டரும், சாக்கெட் பக்கம் முள் உள்ள பிளக்கும் இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் முள் உள்ள ஒயரை, ஜெனரேட்டருக்கு என்று சொல்லிச் சில இடங்களில் செய்து வைத்திருப்பார்கள். அதைக் கையில் வாங்கவே வேண்டாம். நீல இண்டஸ்ட்ரியல் பிளக்கிலிருந்து சாதாரண 16 ஆம்பியர் பிளக்குக்கு மாற்றும் ஓர் அரை மீட்டர் இணைப்பு ஒயரைத் தனியாகச் செய்து வைத்துக்கொண்டால் எந்த இடத்துக்கும் ஒத்துவரும். இவற்றோடு ஒரு மல்டிமீட்டர், மூன்று விளக்குள்ள சாக்கெட் டெஸ்டர், ஓவர் வோல்டேஜையும் லோ வோல்டேஜையும் கண்டு தானாகத் துண்டிக்கும் கருவி, அரையடி இரும்பு முளை, ரப்பர் செருப்பு ஆகியவையும் வண்டியில் இருக்கட்டும்.

இடத்துக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது

வண்டியை ஓரங்கட்டும் முன்பே, "அண்ணா, இது வீட்டு சர்வீஸா, மோட்டார் சர்வீஸா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம். விவசாய மோட்டாருக்கு அரசு இலவசமாகத் தரும் மின்சாரத்தை வேறு எதற்குப் பயன்படுத்தினாலும், அது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. கட்டணத்தைப் போல் இரு மடங்கு மதிப்பிட்டு வசூலிக்க அந்தப் பிரிவு இடம் தருகிறது. நோட்டீஸ் வருவது உங்களுக்கல்ல, உங்களுக்கு இடம் கொடுத்து இளநீர் வெட்டிக் கொடுத்த அந்தத் தோப்புக்காரருக்கு.

சட்டம் ஒருபுறமிருக்க, மோட்டார் கொட்டாய் மின்சாரம் தன்னளவிலேயே வேனுக்கு ஏற்றதல்ல. அங்கே வருவது மூன்று பேஸ். அவசரத்தில் ஒயரைப் போர்டில் செருகுபவர் பேஸ், நியூட்ரல் என்பதற்குப் பதில் இரண்டு பேஸ்களில் செருகிவிட்டால் வண்டிக்குள் 400 வோல்ட் வந்துவிடும். சார்ஜர், ஃபிரிட்ஜ், ஏ.சி. எல்லாம் ஒரே நொடியில் போகும். இரண்டு பேஸ் மட்டும் வருகிற நேரத்தில் கெபாசிட்டர் வைத்து மோட்டாரை ஓட்டும்போது, ஓடுகிற மோட்டாரே காணாமல் போன மூன்றாவது லைனுக்குத் திருப்பி வோல்ட்டைத் தள்ளும். டெஸ்டரை வைத்தால் அந்த லைனிலும் விளக்கு எரியும். ஆனால் அது நம்பத்தக்க மின்சாரமல்ல. வீட்டு அல்லது விடுதிச் சர்வீஸின் சாக்கெட் கிடைக்காவிட்டால், பேட்டரியிலும் சோலாரிலும் அந்த இரவைக் கழிப்பதுதான் சரி. 100 ஆம்பியர் மணி கொண்ட 12.8 வோல்ட் லித்தியம் பேட்டரி 1,280 வாட் மணி தரும். ஒரு விசிறி, விளக்குகள், சின்ன ஃபிரிட்ஜ், கைப்பேசிகளுக்கு அது ஓர் இரவுக்குத் தாராளம்.

அடுத்த கேள்வி, அந்தச் சாக்கெட் எத்தனை ஆம்பியர், அதே லைனில் வேறு என்ன ஓடுகிறது என்பது. விடுதியின் கெய்சரும் உங்கள் வண்டியும் ஒரே எம்.சி.பி.யில் இருந்தால், விடியற்காலையில் யாரோ குளிக்கப் போகும்போது இருவருக்கும் மின்சாரம் போகும்.

எவ்வளவு இழுக்கலாம்

16 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்து தொடர்ந்து 12 அல்லது 13 ஆம்பியருக்கு மேல், அதாவது 3,000 வாட்டுக்கு மேல் இழுக்காமல் இருப்பது நல்லது. எம்.சி.பி. விழவில்லையே என்பது ஆதாரமாகாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. 20 ஆம்பியரை நெடுநேரம் தாங்கிக்கொண்டிருக்கும், அதற்குள் பழைய சாக்கெட்டின் பிளாஸ்டிக் இளகிவிடும். 6 ஆம்பியர் சின்னப் பிளக்தான் கிடைத்தது என்றால் 1,000 வாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு டன் ஏ.சி. 1,000 முதல் 1,200 வாட் எடுக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு முழு அளவில் 2,000 வாட், மின் கெட்டில் 1,500, அயர்ன் பாக்ஸ் 750 முதல் 1,000, மிக்சி 500 முதல் 750. பேட்டரி சார்ஜரை மறந்துவிடுகிறார்கள்: காலியான பேட்டரிக்கு 40 ஆம்பியர் தரும் சார்ஜர் 600 வாட்டுக்குக் குறையாமல் எடுக்கும். ஏ.சி.யும் சார்ஜரும் ஓடும்போது இண்டக்‌ஷனில் சாம்பார் கொதிக்க வைத்தால் 16 ஆம்பியர் எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். சமைக்கும் அரை மணி நேரம் ஏ.சி.யை அணைத்துவிடுங்கள்.

சாக்கெட்டைச் சோதித்தல்

கேபிளை எடுக்கும் முன் சாக்கெட்டைப் பாருங்கள். கருகிய தடம், ஆடும் முகப்பு, உடைந்த மூடி இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பிளக் இல்லாமல் ஒயர் முனைகளைத் துளையில் விட்டுத் தீக்குச்சி செருகி நிறுத்தும் திருவிழாக் கால வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தத் துளைகளில் உடைந்த குச்சி மாட்டியிருந்தால் உங்கள் பிளக் முழுதாக உள்ளே போகாது, முழுதாகப் போகாத முள் சூடேறும்.

நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நம் ஊர் மூன்று பேஸ் ஒயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்புதான் நியூட்ரல். ஆனால் நீங்கள் கொண்டுவந்த ஃப்ளெக்சிபிள் கேபிளில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல். ஒரே நீலம் சுவருக்குள் பேஸாகவும் வெளியே நியூட்ரலாகவும் இருக்கக்கூடிய நாட்டில் மீட்டர் ஒன்றே சாட்சி.

மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு, 600 அல்லது 750 அளவில் வைத்து, சாக்கெட்டை நேராகப் பார்த்து நில்லுங்கள். மேலே பெரிய துளை எர்த். கீழே வலப்புறம் பேஸ், இடப்புறம் நியூட்ரல் இருக்க வேண்டும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 215 முதல் 245 வரை வந்தால் திருப்தி. மாலையில் கிராமத்து லைனில் 200-க்குக் கீழே இறங்கியிருந்தால் ஏ.சி.யை மறந்துவிட்டு விளக்கு, விசிறி, சார்ஜரோடு இருங்கள். 260-ஐத் தாண்டியிருந்தால் இணைக்கவே வேண்டாம். எங்கோ நியூட்ரல் தளர்ந்திருக்கலாம், அடுத்த நிமிடம் அது 350 ஆகலாம்.

பிறகு பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால், முதலில் வந்த அளவே ஏறக்குறைய வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுகளுக்கு மேல் வரக் கூடாது. இரண்டும் தலைகீழாக வந்தால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 60, 90 என்று தடுமாறும் எண் வந்தால் எர்த் எங்கேயோ அறுந்திருக்கிறது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டிஜிட்டல் மீட்டர் மிக மிகச் சிறிய மின்னோட்டத்திலேயே எண்ணைக் காட்டிவிடும் என்பதால், மோசமான எர்த்திலும் 230 என்றே வரும். மூன்று விளக்கு டெஸ்டரும் அப்படித்தான், "சரி" என்று சொல்லிவிடும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தி அது விழுந்துவிட்டால் எர்த் நன்றாக இருக்கிறது என்று எண்ணுவதும் தவறு: அந்தப் பொத்தான் எர்த்தைத் தொடுவதே இல்லை, பேஸிலிருந்து நியூட்ரலுக்குச் சிறு கசிவை உள்ளுக்குள்ளேயே உண்டாக்குகிறது. அது கருவியின் ஆரோக்கியத்தைச் சொல்லும், மண்ணின் ஆரோக்கியத்தைச் சொல்லாது. எர்த்தின் தரத்தை லூப் டெஸ்டரோ எர்த் டெஸ்டரோதான் எண்ணாகச் சொல்லும். ஊர் எலக்ட்ரீஷியன்கள் 100 வாட் குண்டு பல்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே போட்டுப் பார்ப்பார்கள். முழு வெளிச்சம் வந்தால் எர்த் ஓரளவாவது மின்சாரத்தைத் தாங்குகிறது என்று பொருள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, சொற்ப மின்சாரத்திலேயே எரிந்துவிடும். எர்த் அறுந்திருந்தால், சோதனை நடக்கும்போது அதே எர்த்தில் சேர்ந்திருக்கும் கிரைண்டர், ஃபிரிட்ஜ் உடல்களில் மின்சாரம் ஏறிவிடும் என்பதால் அதைத் தெரிந்தவர் கையில் விட்டுவிடுங்கள்.

எர்த் ஒயரே வெளியிலிருந்து மின்சாரத்தைச் சுமந்து வருகிறதா என்பதை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பாறை நிலத்தில் இதைத் தவிர்க்கவே கூடாது. தோப்பின் பழைய மோட்டாரோ கெய்சரோ கசிந்து, குழியும் சரியில்லாதபோது, எல்லா எர்த் துளைகளிலும் வோல்ட் ஏறி நிற்கும். உங்கள் பிளக்கைச் செருகியதும் அது நேரே வண்டியின் உடலுக்கு வந்துவிடும். வண்டிக்குள் இருக்கும் ஆர்.சி.சி.பி. இதைத் தடுக்காது, ஏனென்றால் அது எர்த் ஒயரைத் துண்டிப்பதில்லை. கட்டடத்திலிருந்து சில மீட்டர் தள்ளி இரும்பு முளையை மண்ணில் அடித்து, சுற்றிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, முளைக்கும் சாக்கெட்டின் எர்த் துளைக்கும் இடையே அளந்து பாருங்கள். மீட்டரின் ஒயர் எட்டாவிட்டால் ஒற்றை ஒயர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு வோல்ட் வந்தால் கவலையில்லை. 10 வோல்ட்டைத் தாண்டினால் அந்தச் சாக்கெட் வேண்டாம்.

எர்த் சரியில்லை, ஆனால் தங்கியே ஆக வேண்டும் என்றால், வண்டியின் சேசிஸிலிருந்து சொந்தமாக ஒரு ராடை மண்ணில் அடிக்கலாமா என்று கேட்பார்கள். ஆர்.சி.சி.பி. இல்லாத வண்டிக்கு இரண்டடி ராடு வெறும் மனத்திருப்தி. ஆர்.சி.சி.பி. உள்ள வண்டிக்கு அது உண்மையான உதவி, ஏனென்றால் சில நூறு ஓம் தடையிலும் அது விழுந்துவிடும். வாழைக்கு நீர் பாயும் வாய்க்கால் ஓரம் போன்ற ஈர மண்ணில் அடித்து, மாலையில் ஒரு முறை தண்ணீர் ஊற்றுங்கள். கசிவுள்ள எர்த் துளைக்கு இது மாற்று மருந்தல்ல.

இணைக்கும் வரிசை

முதலில் வண்டிக்குள் எல்லாக் கருவிகளையும், மெயின் எம்.சி.பி.யையும் அணைத்துவிடுங்கள். சாக்கெட்டின் சுவிட்சையும் அணையுங்கள். கேபிளைச் சுருளில் வைத்தபடி பயன்படுத்தாமல் முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள். சுற்றிய நிலையில் வெப்பம் வெளியேற வழியின்றி உள்சுற்றுகள் உருகிப்போகும். மீந்த நீளத்தைப் பெரிய வளைவுகளாக வண்டிக்கு அடியில் பரப்பிவிடலாம். பாதையைக் கடக்கும் இடத்தில் டிராக்டரோ மாடுகளோ மிதிக்காதபடி மேலே தூக்கிக் கட்டுங்கள், ஆனால் கம்பிவேலியில் கட்டாதீர்கள். தேன்கனிக்கோட்டை, ஓசூர்க் காட்டோரங்களில் யானைக்காகவும் பன்றிக்காகவும் மின்வேலி போட்டிருக்கக்கூடும். எது வெறும் கம்பி, எது மின்வேலி என்று வெளியூர்க்காரரால் கண்டுபிடிக்க முடியாது.

கேபிளை வண்டியின் இன்லெட்டில் முதலில் செருகி, அதன் பின்னரே சுவர்ச் சாக்கெட்டில் செருக வேண்டும். மாற்றிச் செய்தால் மின்சாரம் உள்ள திறந்த முனையைக் கையில் பிடித்துக்கொண்டு ஈரத்தரையில் நடப்பவராகிவிடுவீர்கள். நீலப் பிளக்கில் எர்த் முள்ளுக்குரிய பள்ளம் கீழ்நோக்கி இருக்கும். அதைப் பொருத்தித் தள்ளினால் சிரமமின்றி உள்ளே போகும். இன்லெட் அருகே கேபிள் சற்றுத் தாழத் தொங்கி வளையும்படி விடுங்கள், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இப்போது சுவர்ச் சுவிட்சைப் போட்டு, வண்டியைத் தொடும் முன், செருப்புப் போட்ட காலோடு நின்று, மீட்டரின் ஒரு முனையை வண்டியின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் மறு முனையை ஈர மண்ணில் அடித்த முளையிலும் வைத்துப் பாருங்கள். இங்கும் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. சரியாக இருந்தால் உள்ளே ஏறி வோல்ட்டைப் பார்த்து, ஆர்.சி.சி.பி.யைத் தூக்கி, டெஸ்ட் பொத்தானை அழுத்தி அது விழுவதை உறுதி செய்து, மறுபடி தூக்குங்கள். பிறகு மெயின் எம்.சி.பி., சார்ஜர், ஃபிரிட்ஜ், கடைசியில் ஏ.சி. என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறதோ அந்தக் கருவியில் கசிவு இருக்கிறது. கசிவு என்று தெரிந்தும் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேர் லைன் கொடுத்து ஓட்டுவோரும் இருக்கிறார்கள்; அவர்களுக்கு இந்த வழிகாட்டியால் பயனில்லை.

அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடிய பிறகு சுவர்ப் பிளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடு என்றால் சுமையைப் பாதியாகக் குறைத்துவிட்டு அடுத்த நாள் வேறு சாக்கெட் கேளுங்கள்.

இரவில் கவனிக்க வேண்டியவை

மின்வெட்டு வந்தால் ஏ.சி.யை உடனே அணைத்துவிடுங்கள். மின்சாரம் திரும்பியதும் வோல்ட் ஏறி இறங்கும். கம்ப்ரஸருக்கும் மூன்று நிமிட ஓய்வு வேண்டும். இடத்துக்காரர் சிறிய ஜெனரேட்டரைப் போட்டுத் தருவதாகச் சொன்னால் சார்ஜருக்கும் விளக்குக்கும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிறு ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்க்கப்படாமல் மிதக்கும் நிலையில் இருப்பதால், கசிவு வந்தாலும் ஆர்.சி.சி.பி. விழாமல் போகலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் பகுதியில் மாலை நேரத்து இடிமழை சாதாரணம். மேகம் கறுத்து, தொலைவில் இடி கேட்கத் தொடங்கும்போதே இணைப்பைக் கழற்றிவிடுங்கள். தலைக்கு மேல் மின்னல் வெட்டும்போது கழற்ற வெளியே போக வேண்டாம். கேபிளையும் இன்லெட்டையும் தொடாமல் உள்ளேயே இருங்கள்.

வண்டியைத் தொட்டால் விறுவிறுக்கிறது என்று ஒரு குழந்தை சொன்னாலும் அதைச் சோதித்துப் பார்க்க நீங்களும் தொடாதீர்கள். நேரே சுவர்ச் சாக்கெட்டுக்குப் போய் அங்கே அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே இருப்பவர்களை அதுவரை உள்ளேயே இருக்கச் சொல்லுங்கள். இறங்கியே ஆக வேண்டிய கட்டாயம் என்றால், ஒரு கை வண்டியிலும் ஒரு கால் மண்ணிலுமாக இல்லாமல் இரு காலையும் சேர்த்துக் குதிக்க வேண்டும்.

கழற்றும்போது

உள்ளே கருவிகள், மெயின், பிறகு சுவர்ச் சுவிட்ச் என்று அணைத்து, சுவர்ப் பிளக்கை முதலில் பிடுங்கி, அதன் பின் வண்டிப் பக்கத்தைக் கழற்ற வேண்டும். கேபிளைத் துணியால் துடைத்துக்கொண்டே சுற்றினால் வெட்டு, எலி கடித்த இடம் எல்லாம் கையில் தட்டுப்படும். வெட்டுப்பட்ட இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றி அடுத்த பயணத்துக்கு எடுத்துவராதீர்கள். அந்த இடத்தோடு அறுத்து, குட்டையான கேபிளாக வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்துக்கு எவ்வளவு கொடுப்பது என்பதில் இரு பக்கமும் சங்கடப்படுவார்கள். பிளக்கில் செருகும் சிறிய யூனிட் மீட்டர் ஒன்றை வைத்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை. இரவு முழுவதும் ஏ.சி. ஓட்டி, காலையில் சமைத்தால் 6 முதல் 9 யூனிட் வரை ஆகும், ஏ.சி. இல்லாத இரவில் ஒன்றிரண்டு யூனிட்டோடு முடியும். மீட்டரை இடத்துக்காரரிடமே காட்டி, அவருடைய சர்வீஸுக்கு என்ன கட்டணமோ அதைக் கேட்டுக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டு, எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி வைக்கும்படி அவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.